இடம் மாறத் தயார்

ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டுமாம். "ரெண்டாம் பக்கத்த எவனும் திருப்ப மாட்டான்க்கா. நீங்களே படிச்சுப் பாத்து எது வேண்டாமோ அடிச்சு வைங்க, நான் இந்தக் கூட்டத்த அனுப்பிட்டு வாரேன்" என்று இரண்டு தாளையும் ஒரு சிவப்புப் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் பிரம்மசக்தி ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போய்விட்டாள். கடைக்கும் அவள் பேர்தான், சக்தி ஜெராக்ஸ், தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும் ஓயாமல் கிறீச்சிடும் ஃபேன் ஒன்றும் உள்ள கடை. ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். தாள் இன்னும் சூடாக இருக்கிறது, மடியில் வைத்துக்கொள்ள இதமாகக்கூட இருக்கிறது. பெயர், அ. ஜெசிந்தா. அவ்வளவுதான், முன்னால் சிஸ்டர் இல்லை. இருபத்தோரு வருஷம் அந்த வார்த்தை இல்லாமல் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, பால்காரர் கூட சிஸ்டரம்மா என்பார். இப்போது வெறும் ஜெசிந்தா என்று கொட்டை எழுத்தில் பார்க்கும்போது செருப்புப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டதுபோல் கால் கூசுகிறது. மதுரையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி, அதற்கு வார்டன் வேண்டும், ஐந்து மணிக்குள் பயோடேட்டாவை ஈமெயிலில் அனுப்ப வேண்டும். தங்க அறையும் சாப்பாடும் உண்டு. அந்த அறை எனக்கு வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை. தம்பி அமிர்தராஜ் வீட்டில் ஹாலில் டிவிக்குக் கீழே படுக்கிறேன், விடிந்தால் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். தம்பி மனைவி ரெக்சலின் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதுதான் கஷ்டம். சுளித்தால் பதில் சொல்லிவிடலாம். இந்த வேலை எனக்கு வேண்டும். ஒன்றை இப்படி வேண்டும் என்று சொல்லிப் பழக்கமே இல்லை, மனசுக்குள் சொல்லும்போதே யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். ஆதார் கூட்டம் என்னைக் கவனிக்கவில்லை.

நோக்கம் என்று ஒரு தலைப்பு. சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணை நிற்பது. இது நான் சொன்னதில்லை, சக்தியின் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் தயாராக இருக்கிறது, வெல்டருக்கும் இதுதான், நர்சுக்கும் இதுதான். இருபத்திரண்டு வயசில் என்னிடம் கேட்டிருந்தால் நோக்கம் என்ற இடத்தில் புனிதையாவது என்று எழுதியிருப்பேன், கொஞ்சமும் கூச்சப்பட்டிருக்க மாட்டேன். அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்று இங்கே குறிப்பு எழுத இடமில்லை. இருக்கட்டும், சவாலான சூழலே இருக்கட்டும். வலது மூலையில் போட்டோ. இதை எடுக்கத்தான் போன வாரம் அத்தனை பாடு. என்னிடம் இருந்த படம் எல்லாவற்றிலும் முக்காடு. ஸ்டுடியோக்காரர் "தாடையக் கீழ இறக்குங்க, சிரிங்க" என்றார், நான் சிரித்தேன், படத்தில் யாரோ ஒருத்தி கிராப்பு வெட்டிய தலையோடு பஸ்ஸைத் தவறவிட்டவள்போல் இருக்கிறாள். முடி வளர நாளாகும். ரெக்சலின் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சித் தந்திருக்கிறாள். தரும்போது "இதத் தேய்ங்க சிஸ்…" என்று ஆரம்பித்து "மைனி" என்று முடித்தாள். எனக்கும் அவளுக்கும் சேர்ந்து சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் கட்டியிருக்கிற பச்சைச் சேலை மடத்தில் தந்தது. போகிறவளுக்கு ஒரு சேலை வாங்கித் தருவார்கள், எல்லாரும் கோயிலில் ஜெபத்தில் இருக்கும்போது பின்வாசல் வழியாக ஆட்டோ வரும், யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதுதான் வழக்கம். யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று வைத்த வழக்கமாம். நான் ஆட்டோவில் ஏறும்போது உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாட்டில் ரெண்டாம் குரல் என்னுடையது. அன்றைக்கு அதை யார் பாடினார்கள் என்று இன்னமும் தெரியவில்லை. பச்சை எனக்குப் பிடிக்காத நிறம், அது அவர்களுக்கு எப்படித் தெரியும், நானே சேலை கட்டிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

அனுபவம். இதுதான் இரண்டாம் பக்கம்வரை ஓடுகிறது. சாயல்குடி, வள்ளியூர், மணப்பாறை, திசையன்விளை, ஓட்டப்பிடாரம், சிவகிரி, திரும்பவும் மணப்பாறை. ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு. கணக்கு டீச்சர், விடுதிக் கண்காணிப்பாளர், மடத்துக்கு வரவுசெலவு, சமையல்கட்டு மேற்பார்வை. முதலில் இதை டைப் அடிக்கும்போதே சக்தி திரும்பிப் பார்த்தாள். "ஏன்க்கா, மூணு வருஷத்துக்கு ஒரு வேலைய விட்டிருக்கீங்களே? பாக்குறவன் இதொரு ஓடுகாலின்னு நெனச்சிருவான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். விட்டதில்லை சக்தி, மாற்றினார்கள். அப்புறம்தான் அவளிடம் சொன்னேன், சிஸ்டராக இருந்தேன் என்று. "ஐயோ, அப்படியா! எங்க ஸ்கூல்லயும் சிஸ்டர்தான். ஸ்கேல நெட்டுக்குத்தலாப் புடிச்சு அடிப்பாங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள், நான் அடிக்கப் போகிற மாதிரி. அவளிடம் எப்படிச் சொல்வது அந்த மே மாசத்தை? வருஷத் தியானம் முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் மாகாணத் தலைவி எழுந்து நின்று பேர் பேராக வாசிப்பார். பேர், ஊர், பேர், ஊர். நூறு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேர் வாசிக்கப்பட்டவள் எழுந்து வணங்கிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, நான் அதில் கெட்டிக்காரி. ஒரு பெட்டி, ஒரு ஜெபப் புத்தகம், இரண்டு செட் உடுப்பு. திசையன்விளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், கணக்கு என்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள், அவர்களைப் பத்தாம் வகுப்புக்கு நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருந்தேன். லீவு முடிந்து வந்தவர்கள் வேறு சிஸ்டரைப் பார்த்திருப்பார்கள். கடிதம் எழுதலாமா என்று நினைத்தேன், பழைய இடத்தோடு ஒட்டுறவு வைப்பது நல்லதில்லை என்பார்கள். எழுதவில்லை. இந்தத் தாளில் அது, கணிதம், ஒன்பதாம் வகுப்பு, தேர்ச்சி விகிதம் என்று இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் அடியில், உறுதிமொழிக்கு மேலே, ஒரு வரி இருக்கிறது. அதை இப்போது பார்க்க வேண்டாம். அதற்கு முந்தினது வேலையை விட்டதற்கான காரணம். சக்தி அதைக் காலியாக விட்டிருக்கிறாள், "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க, நல்லதா சொல்லுங்க" என்றாள். நல்லதாக என்ன சொல்வது? ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆண் என்று ஒரு கட்சி. எங்கள் தெரு முக்கில் மீன் விற்கிற அக்கா என் கழுத்தை முதலில் பார்த்தாள், அப்புறம் என் பின்னால் பார்த்தாள், கூட ஆள் வருகிறதா என்று. ஒருவனும் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஏமாற்றம்தான், ஒரு சாளை மீன் குறைத்துப் போட்டாள். சபைக்குள் சண்டை என்று இன்னொரு கட்சி. சண்டையும் இல்லை. விசுவாசம் போய்விட்டதா என்று பங்குச் சாமியார் மெதுவாகக் கேட்டார். போகவில்லை சாமி, காலையில் ஐந்து மணிக்கு இப்போதும் தானாக முழிப்பு வருகிறது, பாயில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறேன், டிவியைப் பார்த்துக்கொண்டுதான், வேறு பக்கம் திரும்பி உட்கார இடமில்லை. அப்படியானால் என்ன? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பதில், அதை எப்படி எழுத? போன மே மாசம் மாகாணத் தலைவி மதர் பிளாசிடா எழுந்து வாசித்தார், ஜெசிந்தா, கொடைரோடு. நான் எழுந்தேன். வணங்க வேண்டும். குனிய வரவில்லை. முதுகில் பிடிப்பு என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொடைரோட்டில் ஒரு குறையும் இல்லை, நல்ல காற்று, மாம்பழம் கிடைக்கும். அப்புறம் எப்படியோ உட்கார்ந்துவிட்டேன், அடுத்த பேர் வாசித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்திலிருந்த சிஸ்டர் "கொடைரோடா, குடுத்து வச்சவ" என்றாள். ஆமாம் என்றேன். குடுத்து வைத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார் என்று யோசித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டேன். பயமாக இருந்தது. கோபம் வந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன், கோபத்துக்கு மருந்து தெரியும், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம். இது கோபம் இல்லை. இது யாரோ ஒருத்தி உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். கொடைரோட்டுக்குப் போகாமல் மடத்திலேயே இருந்து நாலு மாசம் அவளைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தேன். சொந்தக் காரணங்களுக்காக என்று கடைசியில் எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கேயும் எழுதலாம். சக்தி விட மாட்டாள், சொந்தக் காரணம் என்று போட்டால் சந்தேகப்படுவார்கள் என்பாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பொழுதுபோக்கு, ஜெபம் என்று சொல்லப்போனேன், நிறுத்திக்கொண்டேன். பாட்டு என்று சொன்னேன். ரெண்டாம் குரல் என்று சேர்க்கலாமா? வேண்டாம். கடைசியாக வாங்கிய சம்பளம். இதைக் கேட்டபோதும் சக்தி கையை நிறுத்தினாள். "சம்பளமே இல்லையா? கவர்மெண்டு எய்டட் ஸ்கூல்னா குடுத்திருப்பாங்களே." குடுத்தார்கள், அது சபைக்குப் போனது, என் கைக்கு வந்ததில்லை, எனக்குத் தேவையும் இருந்ததில்லை, சோப்பு தீர்ந்தால் சோப்பு கேட்டால் சோப்பு. பூஜ்யம் என்று போடச் சொன்னேன். "பூஜ்யம்னு போட்டா வேலையே பாக்கலன்னு அர்த்தமாயிரும்க்கா. அந்தக் கட்டத்தையே தூக்கிருவோம். கேட்டா நேர்ல சொல்லுங்க." தூக்கிவிட்டாள். இவளுக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது. எது பலம், எது பலவீனம், எதைக் கொட்டை எழுத்தில் போடுவது, எதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது. நான் எழுதியிருந்தால் பலவீனங்கள்தான் முதல் பக்கம் நிரம்பியிருக்கும். தினம் ராத்திரி படுக்கப் போகுமுன் மனச்சான்று சோதனை செய்து பழகியவளுக்கு அதுதான் வரும். இன்று பொறுமை இழந்தது எத்தனை தரம், வீணாகப் பேசியது எத்தனை தரம். இன்று நன்றாகச் செய்தது எத்தனை தரம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. சக்தி என்னிடம் "ஹாஸ்டல்ல எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டாள். நூற்றெண்பது. "எல்லாத்துக்கும் நீங்க ஒருத்தியா?" ஆமாம். "அம்மை போட்டுச்சுன்னா?" பார்த்திருக்கிறேன், ஒரு வருஷம் முப்பது பிள்ளைக்குப் போட்டது, வேப்பிலையும் இளநீரும், ஒரு பிள்ளைக்கும் தழும்பு விழவில்லை. "இத ஏன்க்கா சொல்லவே மாட்டேங்கீங்க" என்று டைப் அடித்துவிட்டாள். பெருமை என்று ஒரு பாவம் இருக்கிறது, தலையான பாவம். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை. நடந்தது நடந்ததுதானே, இளநீர் வெட்டி வெட்டி என் கட்டைவிரலில் விழுந்த தழும்பு இருக்கிறது.

சக்தி வந்துவிட்டாள். கூட்டம் குறைந்திருக்கிறது. "என்னக்கா, ஒண்ணுமே அடிக்கலயா?" என்று தாளைப் பார்த்துச் சலித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையோ மேலும் கீழும் இழுத்தாள். "இங்க பாருங்க. ஏழு எடத்தையும் தனித்தனி வேலையாப் போட்டதுதான் தப்பு. மேல சபை பேரு ஒண்ணுதான், கொட்ட எழுத்துல. பக்கத்துல ஆரம்பம், முடிவு. எடமெல்லாம் அதுக்கு அடியில சின்னதா, ஒரே வரியில. இப்ப சொல்லுங்க, ஒரே எடத்துல இருபத்தோரு வருஷம். எங்க வீட்டுக்காரர் எந்த வேலையிலயும் ஒரு ஆடி தாண்டி அடுத்த ஆடி பாத்ததில்ல." ஸ்கிரீனைப் பார்த்தேன். ஏழு ஊரும் ஒரே வரியில், நடுவில் கமா போட்டு, சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன. நான் பெட்டியும் கையுமாக ஏழு பஸ்ஸில் அழுதுகொண்டே போன ஊர்கள். அழுதேன்தான், பஸ்ஸில் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மேலே அந்த ஒரே பேர். ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறேன். அதுவும் பொய்யில்லை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், சக்தி ஃபேனைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்தாள், நல்லவள். "ரெபரன்ஸ்னு ஒருத்தர் பேரும் நம்பரும் வேணும்க்கா. உங்களுக்கு மேல இருந்தவங்க யாராச்சும். சொல்லாமப் போட்டுறாதீங்க, போன் போனா அவங்க முழிப்பாங்க, கேட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்து போனாள், ரேஷன் கார்டோடு ஒரு தாத்தா வந்திருந்தார்.

எனக்கு மேலே இருந்தவர்கள். மேலே ஒருத்தர்தான், மதர் பிளாசிடா. மடத்து நம்பர் மனப்பாடம், வேறு எந்த நம்பரும் என் தலையில் இல்லை, தம்பி வாங்கித் தந்த இந்த போனின் நம்பரையே சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மணி மூன்று. ஓய்வு நேரம் முடிந்து டீக்கு மணி அடிக்கிற நேரம். அழுத்திவிட்டேன். அங்கே வராந்தாவில் போன் மணி அடிக்கிறது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், மரப் பலகையில், போனுக்கு மேல் பூப்போட்ட துணி மூடியிருக்கும். எடுக்காவிட்டால் நல்லது என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டார்கள். "மரியே வாழ்க." மதரேதான். என் வாய் தானாக "மரியே வாழ்க மதர், நான் ஜெசிந்தா" என்றது, உடம்பும் தானாக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டது. "ஜெசிந்தாவா? சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் மதர் என்றேன். வேலையைச் சொன்னேன், மதுரை என்றேன், வார்டன் என்றேன். "ரெபரன்ஸ்னு ஒரு பேரு கேக்காங்க மதர். உங்க பேரப் போட பெர்மிஷன்…" வாயிலிருந்து விழுந்துவிட்டது, அள்ள முடியவில்லை. "பெர்மிஷன் எல்லாம் இனிமே என்கிட்ட கேக்க வேண்டாம்மா" என்றார். கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை, இருபத்தோரு வருஷத்தில் அந்தக் குரலில் எனக்குப் பிடிபட்டது குறைவு. "போட்டுக்கோ. அவங்க என்கிட்ட பேசுவாங்களா?" பேசலாம் மதர். "பேசுனா நான் என்ன சொல்லணும்?" நான் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினேன். "சொல்லும்மா. ஏன் வந்துட்டான்னு கேப்பாங்கள்ல. நான் என்ன சொல்ல? எனக்கு நெசமாவே தெரியல. உன் லெட்டர நாலு தடவ படிச்சேன். ஒண்ணுமே இல்ல அதுல." ரேஷன் கார்டுத் தாத்தா சக்தியிடம் ரெண்டு பக்கமும் எடும்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மிஷினுக்குள் வெளிச்சம் ஒருதரம் ஓடி நின்றது. "கேட்டிருந்தா போயிருப்பேன் மதர்" என்றேன். "என்னது?" "கொடைரோட்டுக்கு. போறியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போயிருப்பேன்." இவ்வளவுதானா? நாலு மாசம் தட்டிக்கொடுத்தும் வாய் திறக்காதவள் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு இதைத்தான் சொன்னாளா? போனுக்குள் டீ மணி அடித்தது, வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்து போனது. "யாரையும் கேக்குறதில்லையேம்மா" என்றார். அப்புறம், மெதுவாக, "என்னையும் யாரும் கேக்கல" என்றார். மதருக்கு எழுபது வயசு. எத்தனை மே மாசம் என்று மனசு கூட்டத் தொடங்கியது, நிறுத்திவிட்டேன். "நல்லா வேலை பாப்பா, ஒரு பிள்ளையையும் பட்டினி போட மாட்டான்னு சொல்லுதேன். போதுமா?" போதும் மதர் என்றேன். வைக்கும்போதும் மரியே வாழ்க என்றார். நான் உட்கார்ந்தேன், நாற்காலி காலை மடக்குகிற மாதிரி ஆடியது, அப்புறம் நின்றது.

"கேட்டாச்சாக்கா? பேரு சொல்லுங்க." சொன்னேன், நம்பரும் சொன்னேன். விட்ட காரணம் என்கிற கட்டத்தையும் தூக்கச் சொன்னேன், கேட்டால் சொல்வதற்குக் கீழே மதர் பேர் இருக்கிறது. ஒரு பக்கம் வந்துவிட்டது. முழுசாக வந்துவிட்டது, ஒழுங்காக, இரண்டு ஓரத்திலும் வெள்ளை விட்டு. சக்தி எழுத்தை அரைப் புள்ளி குறைத்தாள், கோடு ஒன்றை எடுத்தாள், நாற்காலியைப் பின்னால் தள்ளித் தூரத்தில் இருந்து பார்த்தாள். இனி அந்த வரியைப் பார்க்காமல் இருக்க முடியாது, பக்கத்தின் அடியில் அதுதான் நிற்கிறது. இடம் மாறத் தயார், ஆம். அதுவும் நான் சொன்னதில்லை, எல்லாருக்கும் இருக்கிறதுதான். "இத மாத்தணும் சக்தி." அவள் பேப்பர் விளம்பரத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள், விரலை வைத்துக் காட்டினாள். "எக்கா, இங்க பாருங்க, இடமாற்றத்துக்குத் தயாராக இருப்பவர்களுக்கு முன்னுரிமை. அவங்களுக்குத் திருச்சி, சேலம் எல்லாம் ஹாஸ்டல் இருக்கு. இல்லன்னு போட்டீங்கன்னா மொத வேலையா உங்களத்தான் ஒதுக்குவாங்க." தெரியும். ஹாலில் சுருட்டி வைத்த பாய் தெரிகிறது, பீரோ தெரிகிறது, ரெக்சலின் குரலை அடக்கிப் பிள்ளைகளை அதட்டுவது தெரிகிறது. தாழ்ப்பாள் உள்ள கதவு தெரிகிறது, அது கொஞ்சம் தள்ளிப் போவதும் தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது. "இல்லைன்னு போட வேண்டாம்" என்றேன். "அப்ப ஆம்தானே இருக்கு." "ஆமும் வேண்டாம். கேட்டால் வருவேன்னு போடு." சக்தி திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்படியெல்லாம் யாரும் போட மாட்டாங்கக்கா. ஆம், இல்ல, ரெண்டுல ஒண்ணுதான்." "போடு சக்தி." உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடித்தாள். ஆம் என்கிற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, அந்த இடத்தில் என் வார்த்தை வந்து உட்கார்ந்தது. பக்கம் அடுத்த தாளுக்கு வழியவில்லை. விடுதிக்காரர்களின் விலாசத்தைப் போட்டாள், பயோடேட்டாவை இணைத்தாள், சுட்டியைக் கொண்டுபோய் அந்த நீலக் கட்டத்தின்மேல் வைத்துவிட்டு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"அனுப்பவாக்கா?"

நன்றாக ஒருதரம் யோசித்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.

"அனுப்பு" என்றேன்.